ஊர் கேட்காத மேசை

கசிங்கிரி அகதி முகாமில் காய்ச்சல் வந்தாலும் சரி, பிரசவ வலி வந்தாலும் சரி, முதலில் கஹம்புவின் மேசைக்குத்தான் போயாக வேண்டும். சுகாதார நிலையத்தின் வாசலில், தகரக் கூரையின் கீழ், ஒரு கால் ஆடுகிற மேசை. அதன்மேல் பச்சை அட்டை போட்ட பதிவு நோட்டு, ஒரு கட்டு சீட்டு, நூலில் கட்டிய பேனா. பேனாவை நூலில் கட்டாவிட்டால் அது பத்து நிமிஷம்கூட அங்கே இருக்காது. "எழுதிட்டுத் தர்றேன்னு வாங்கினவன் எவன் திருப்பிக் குடுத்தான்?" என்பாள். வாய்தான் அப்படி, ஆளை விரட்ட மாட்டாள். வரிசையில் முண்டியடிக்கிறவனைப் பார்த்து, "என்னப்பா, உன் காய்ச்சல் மட்டும் பஸ் புடிக்கப் போகுதா?" என்று ஒரு போடு போட்டால் மொத்த வரிசையும் சிரிக்கும். முகாமில் நோயாளிகள் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. கல்யாணமான நாலாம் வருஷமே புருஷன் மரம் அறுக்கப் போன இடத்தில் மரம் சாய்ந்து செத்தான். பிள்ளை இல்லை. ஊர்ப் பள்ளியில் ஒன்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தாள். சண்டையில் பள்ளியை எரித்த பிறகு அண்ணன் மும்பெரேவின் குடும்பத்தோடு சேர்ந்து மலைப்பாதையில் நடந்தாள். மூன்றாம் நாள் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிக்காரர்கள். எந்தக் கூட்டம் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்துக் காடுகளில் எத்தனை கூட்டம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எந்த ஊர்?"

மும்பெரேவுக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொன்னான். அந்த ஊர்க்காரர்கள் எதிர்க்கூட்டத்துக்குச் சோறு போட்டவர்கள் என்று கயிறு கட்டியவர்களுக்கு ஒரு நினைப்பு. அவனைப் பாதையை விட்டு இறக்கி மூங்கில் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். பெண்களைப் போகச் சொன்னார்கள். கஹம்பு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு முறை வெடிச் சத்தம் கேட்டது. அண்ணி திரும்பிப் பார்க்கப் போனாள், கஹம்பு அவளை இழுத்துக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. பார்த்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், பாவம்.

கசிங்கிரிக்கு வந்ததும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று சுகாதார நிலையத்தில் பதிவு வேலைக்கு எடுத்தார்கள். நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன நோவு. நாலாவது கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. ஆனாலும் வேலைக்குப் புதியவள், சொன்னதைச் செய்தாள், எல்லாரையும் கேட்டாள்.

முதல் வாரத்திலேயே ஒருத்தி வந்தாள். ஆறு மாசக் கர்ப்பம். இடுப்புத் துணியில் ரத்தக் கறை. பெயர் சொன்னாள், வயது சொன்னாள். "எந்த ஊர்?" என்று கஹம்பு கேட்டதும் அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள்.

"மறந்துபோச்சு," என்றாள். வரிசையை விட்டு விலகினாள், போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அவளும் நூலிழையில்தான் பிழைத்தாள். கட்டிலில் கிடந்தவளிடம் கஹம்பு போய் உட்கார்ந்து, "ஏம்மா அன்னிக்கே போயிட்டே?" என்று கேட்டாள். "நீ கேட்டதையேதான் அவங்களும் கேட்டாங்க," என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து கஹம்பு ஊர் கேட்பதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாலாவது கட்டத்தில் எல்லாருக்கும் "கசிங்கிரி முகாம்" என்று எழுதினாள். அது பொய்யும் இல்லையே, எல்லாரும் அங்கேதானே கிடந்தார்கள். தார்ப்பாய்க்குத் தார்ப்பாய் சேதி பரவியது. வாசலில் ஒரு அக்கா இருக்கிறாள், ஊர் கேட்க மாட்டாள், பயப்படாமல் போகலாம். அதுவரை மூலிகையை அரைத்துக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். வரிசையும் மளமளவென்று நகர்ந்தது, ஏனென்றால் யாரும் அந்தக் கேள்வியில் தடுக்கி நிற்கவில்லை.

வாரா வாரம் வியாழக்கிழமை புட்டெம்போவிலிருந்து டாக்டர் முசுபாவோ மோட்டார் பைக்கில் வருவார். உதவி அமைப்பு அவரை அனுப்பியிருந்தது, முகாம்களில் வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அதைச் சீர்படுத்துவது அவர் வேலை. பெரிய தாளில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுவார். வந்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், பிரசவம் எத்தனை, சாவு எத்தனை. காத்திருக்கும் நேரம் மூன்று மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்கு இறங்கியபோது அவர் சுவரைத் தட்டிக் காட்டி, "இதுக்கு என்ன மந்திரம் போட்டீங்க கஹம்பு அக்கா?" என்று கேட்டார். "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல டாக்டர். வாயைக் கொறைச்சேன்," என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இப்போது பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எத்தனையாவது பிள்ளையோ அதுதான் பெயர். முதல் பெண் மசிக்கா, இரண்டாவது பெண் கவிரா. நாலாவதாகப் பிறந்ததால்தான் அவள் கஹம்பு. தாயையோ யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். ஆகவே வீட்டுக்கு ஒரு கவிரா, தெருவுக்கு நாலு மசிக்காம்மா. ஊரில் இருந்தவரை இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊரைச் சேர்த்துக் கூப்பிடுவார், அந்த ஊர்க்காரி எழுந்து போவாள். சீட்டில் எண்ணும் போட்டிருக்கும், அதை யார் பார்த்தார்கள்? லேபிலும் வார்டிலும் பெயரும் ஊரும்தான் கணக்கு. அப்படித்தான் காலம் காலமாக வேலை நடந்தது.

அக்டோபர் மழையில் மலேரியா பெருத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசை வாசலைத் தாண்டித் தண்ணீர்க் குழாய் வரைக்கும் நின்றது. முன்னால் வந்தவள் குள்ளமான ஒருத்தி, முகாம் ஓரத்தில் வேர்க்கடலை வறுத்து விற்பவள், வாய் ஓயாதவள். தோளில் ஒரு பெண்குழந்தை துவண்டு கிடந்தது. உள்ளங்கையிலும் உதட்டிலும் துளி ரத்தம் இல்லை.

"பேரு?"

"கவிரா."

"வயசு?"

"அட போக்கா, நீ கேக்கறதுலயே கஷ்டமான கேள்வி அதுதான். ரெண்டாம் போகம் மக்காச்சோளம் அறுத்தப்போ பொறந்தா. நீ டீச்சர்தானே, நீயே கணக்குப் போடு."

"மூணுன்னு போடறேன். தப்பா இருந்தா வளந்து வந்து என்கிட்ட சண்டை போடட்டும்."

"போடுவா, போடுவா. எனக்கு மேல வாய் இவளுக்கு. இன்னிக்குத்தான் பேசாம கெடக்கா," என்றாள் அந்தத் தாய். சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "என்னை மசிக்காம்மான்னு கூப்பிடுங்க."

அவளுக்கு ஐந்தாறு பேர் தள்ளி நெட்டையான ஒருத்தி. முகாமுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் தோளிலும் அதே வயதில் ஒரு பெண்குழந்தை, அதே வெளுப்பு. கவிரா. மூன்று. தாய் மசிக்காம்மா.

"இன்னிக்கு எத்தனை கவிராடி அம்மா!" என்றாள் கஹம்பு. அந்த நெட்டைக்காரி சிரிக்கவில்லை. நாலாவது கட்டத்தில் பேனா ஒரு கணம் நின்றது. ஒரே நாளில், ஒரே வயதில், ஒரே நோவில் இரண்டு பேர். ஊரைக் கேட்டு வைத்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றாமல் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ துரத்தி வருகிறார்களோ என்று. கஹம்புவுக்கு மனம் வரவில்லை. "கசிங்கிரி முகாம்" என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

லேபில் இருந்தவன் பலுக்கு. நல்ல பையன், நிதானமான வேலைக்காரன். இரண்டு குழந்தைகளுக்கும் ரத்தம் எடுத்தான், வகை பார்த்தான். ஒருத்திக்கு ஓ, இன்னொருத்திக்கு ஏ. புட்டெம்போவுக்குச் சொல்லி அனுப்பியதில், பைக்கில் இரண்டு ரத்தப் பை வந்தது. பைகளில் அவன் சீட்டைக் கட்டினான். இரண்டு சீட்டிலும் ஒரே எழுத்து, எண் மட்டும்தான் வேறு. கவிரா, மூன்று, பெண், கசிங்கிரி முகாம். ரத்தம் ஏற்றுவதற்கு முன் கட்டிலருகே இன்னொரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. லாரிகளுக்குப் பாதை மூடிப் பதினோரு நாள், அந்தச் சோதனை மருந்து தீரும் நிலையில் இருந்தது. லேபில் ஒரு தடவை பார்ப்பதற்கே அதைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்துக்கொண்டிருந்தான்.

தலைமை நர்ஸ் கதெம்போ ஏ பையைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார். "கவிரா! மசிக்காம்மா யாரு?" என்று குரல் கொடுத்தார்.

"இதோ! இதோ அண்ணே, இங்க!" என்று எழுந்தவள் கடலைக்காரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எந்தத் தாய்தான் ஓட மாட்டாள்? நெட்டைக்காரி மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அடுத்த பை வந்தபோது அது அவள் பிள்ளைக்குக் கிடைத்தது.

அரை மணியில் கடலைக்காரியின் குழந்தைக்கு நடுக்கம் கண்டது. "முதுகும்மா, முதுகும்மா," என்று அழுதது. சிறுநீர் கறுத்தது. மலேரியா முற்றினால் இதெல்லாம் வரும் என்று கதெம்போ நினைத்தார். போர்வை போட்டார், ஊசி போட்டார், ஓடிக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நோட்டில் காரணம் என்ற இடத்தில் கடும் மலேரியா என்று எழுதினார். தாய் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கஹம்புவின் மேசை வழியாகத்தான் போனாள். "காய்ச்சல் கொண்டுட்டுப் போயிடுச்சுக்கா," என்றாள். கஹம்பு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான் எதற்காக அழுகிறோம் என்பது அப்போது அவளுக்கே முழுக்கத் தெரியாது.

மறுநாள் காலை, அடக்கம் முடிந்து சனங்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரம், பலுக்கு மேசைக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அந்த நெட்டை அம்மாவோட பொண்ணுக்கு ரெண்டாவது பை வேணுமான்னு திரும்ப வகை பாத்தேன். அவ ஏ."

"அதுக்கென்ன?"

"நேத்து அவளுக்கு ஏறினது ஓ. ஓ எல்லாருக்கும் ஒத்துக்கும், அவ தெளிஞ்சுட்டா. அப்போ ஏ பை யாருக்குப் போச்சு? ஓ பிள்ளைக்கு ஏ போனா ஒத்துக்காதுக்கா."

கஹம்பு நோட்டைப் புரட்டினாள். இரண்டு வரிகள், நடுவில் ஆறு பெயர். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. தன் கையால் எழுதியவை. எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

கதெம்போவிடம் சொன்னார்கள். அவர் கதவைச் சாத்தினார். பிறகு, "இது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது," என்றார்.

"அண்ணே, அந்தம்மாவுக்குத் தெரிய வேணாமா?"

"கஹம்பு, கொள்ளைக்காய்ச்சல் வருஷம் பக்கத்து மலைல ஆஸ்பத்திரியைக் கொளுத்தினாங்களே, நான் அந்தக் கூரைக்குக் கீழதான் வேலை பாத்தேன். ஜன்னல் வழியாக் குதிச்சு ஓடினவன் நான். ரத்தம் மாறிப்போச்சுன்னு காலைல சொன்னா, சாயங்காலம் அது விஷம் ஏத்திட்டாங்கன்னு ஆயிடும். நாளைக்கு இந்த இடத்துல கரிதான் மிஞ்சும். அப்புறம் இந்த ஆறாயிரம் பேரும் எங்க போவாங்க? செத்த பிள்ளை ஒண்ணு. இன்னும் எத்தனை பிள்ளை சாகணும்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. கெட்ட மனுஷன் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். "கூப்பிட்டது என் வாய்தான்," என்று அவரே கடைசியில் சொன்னார், உடைந்த குரலில். "பையைத் தொங்கவிட்டது என் கைதான்." கஹம்பு மேசைக்குத் திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். சுவரில் புதுத் தாள் ஒட்டினார். "முப்பத்தெட்டு நிமிஷம்! எங்க போனாலும் உங்க மேசையைத்தான் சொல்றேன் அக்கா. மத்த முகாம்லயும் இதே மாதிரி செய்யப் போறோம்," என்றார். பிறகு சாவுக் கணக்குக்கு வந்தார். "ஒண்ணு. மலேரியா. தடுத்திருக்க முடியுமா?" கேட்டுக்கொண்டே "முடியாது" என்று எழுதப் போனார்.

மத்த முகாமிலும் இதே மாதிரி. அந்த வார்த்தைதான் கஹம்புவை எழுப்பியது.

"முடியும் டாக்டர்," என்றாள். "அது மலேரியா இல்ல. நாங்க கொன்னுட்டோம்."

கதெம்போ கண்ணை மூடிக்கொண்டார். கஹம்பு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனைப் பற்றி, கயிற்றைப் பற்றி, கர்ப்பிணியைப் பற்றி, நாலாவது கட்டத்தைப் பற்றி, தன் பேனா நின்ற அந்த ஒரு கணத்தைப் பற்றி. "நீங்க கைதட்டினீங்களே, அது இதுக்குத்தான்," என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இளம் வயது மனுஷன், அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"யார் செஞ்சாங்கன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார். "எப்படி நடந்துச்சு, நாளைக்கு எப்படி நடக்காம இருக்கும், அதை மட்டும் பேசுவோம்."

நான்தான் சீட்டு எண்ணைப் பார்க்கவில்லை என்றான் பலுக்கு. நான்தான் கூப்பிட்டேன் என்றார் கதெம்போ. ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டால் பாரம் குறையும் என்று பார்த்தார்களோ என்னவோ. குறையவில்லை.

எண் எழுதிக் கையில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை புட்டெம்போவில் இருக்கிறது, வர மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர். "மூணு வாரம் வரைக்கும் பிள்ளைங்களைக் காய்ச்சல் அடிக்காம இருக்கச் சொல்லட்டுமா?" என்று கஹம்பு சீறினாள். மேசை இழுப்பறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். தன் மேல்துணியின் ஓரத்தை நீளமாகக் கிழித்தாள். பெரிய பெரிய பூப்போட்ட துணி. ஒரு பூவின் நடுவில் கத்திரிக்கோலை வைத்துக் கோணல்மாணலாக இரண்டாக வெட்டினாள்.

"இதுல பாதி பிள்ளை மணிக்கட்டுல. மீதிப் பாதி சீட்டுல. சீட்டு போற இடமெல்லாம் அதுவும் போகணும், லேபுக்கும், ரத்தப் பைக்கும். கட்டில் பக்கத்துல ரெண்டையும் சேத்துப் பாக்கணும். பூ சேந்தாத்தான் ரத்தம் ஏறணும். படிக்கத் தெரியாத அம்மாகூடப் பாத்து, 'ஐயையோ, இது என் பிள்ளையோடது இல்ல'ன்னு சொல்லிடுவா. ஊர் கேக்க வேண்டாம்."

 டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இருட்டுமுன் பாதையைத் தாண்டியாக வேண்டும், கிளம்பும்போது கஹம்புவைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மாகிட்ட சொல்லத்தான் வேணும். ஆனா கதெம்போ பயப்படறதும் நியாயம்தான். அடுத்த வியாழன் முகாம் தலைவரையும் வெச்சுக்கிட்டுச் சேந்து போவோம். அதுவரைக்கும் பொறுங்க." அவள் தலையாட்டினாள். பொறுக்கத்தான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வரிசையில் பதினோராவது ஆளாக அந்தக் கடலைக்காரி நின்றிருந்தாள்.

கஹம்பு பார்த்துவிட்டாள். பத்துப் பேருக்குச் சீட்டு எழுதினாள், பத்து மணிக்கட்டில் துணி கட்டினாள், என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்து போய்விடலாமா? கதெம்போவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லலாமா? அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பிள்ளை ஒன்று நின்றது.

"மசிக்கா," என்றாள் தாய், கேட்பதற்கு முன்பே. பழைய வாயாடித்தனம் ஒன்றும் இல்லை. "ஆறு வயசு. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. எனக்குப் பயமா இருக்குக்கா. வேற எங்கயும் போக மனசு வரலை, உன்கிட்டதான் வந்தேன்."

கஹம்பு ஒரு துண்டு கிழித்தாள், பூவை வெட்டினாள், பாதியைச் சீட்டில் குத்தினாள். மீதியைப் பிள்ளையின் கையில் கட்டப் பார்த்தாள். முடிச்சு விழவே இல்லை.

"இது என்னக்கா புதுசா? அன்னிக்கு இது இல்லையே."

புது ஏற்பாடு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. அடுத்த வியாழன் வரைக்கும் அந்த ஒரு வார்த்தை தாங்கியிருக்கும்.

"அன்னிக்கு இது இல்லாததாலதான்..." என்றாள் கஹம்பு.  மறுபடி தொடங்கினாள். "உன் சின்னவ காய்ச்சல்ல சாகலம்மா. அன்னிக்கு இன்னொரு கவிரா இருந்தா. அவளுக்கு வந்த ரத்தத்தை உன் பிள்ளைக்கு ஏத்திட்டோம். அது ஒத்துக்காத ரத்தம். அதுலதான் செத்தா. ரெண்டு பேருக்கும் நான் ஒரே மாதிரி எழுதினேன். ஊரைக் கேட்டிருந்தா மாறியிருக்காது. நான் கேக்கலை."

வரிசை அசையாமல் நின்றது. வார்டு வாசலில் கதெம்போ வந்து நின்றார், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தாய் கஹம்புவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று கஹம்பு காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"முதுகு வலிக்குதுன்னு அழுதாளே," என்றாள் அவள். "காய்ச்சல்தானே, பொறுத்துக்கோடின்னு அதட்டினேன். அவளை அதட்டினேன்க்கா."

கஹம்பு மசிக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்த இன்னொரு பிள்ளை?" என்று கேட்டாள் தாய்.

"பொழைச்சுட்டா."

"ம்." மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் மொத தடவை வந்தப்போவே நீ ஊர் கேக்கலை. வெளிய போய் எல்லார்கிட்டயும் சொன்னேன். வாசல்ல இருக்கறவ நம்ம மனசு தெரிஞ்சவ, நம்பிப் போங்கன்னு. எத்தனை பேரை நான் அனுப்பி வெச்சேன் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"மொதல்ல இவளைப் பாருங்க," என்றாள், மசிக்காவை முன்னால் தள்ளி. கதெம்போவே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். மலேரியாதான், ஆனால் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை. மாத்திரை கொடுத்தார், முதல் வேளையைத் தன் கையாலேயே விழுங்க வைத்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தத் தாய் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

திரும்பிப் போகும்போது மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மேட்டுல சிலுவை நட்டிருக்கு. அதுல எழுதணும். அங்க ஏற்கெனவே நாலு கவிரா கெடக்காங்க. எதுல என் பிள்ளை இருக்கான்னு நேத்து எனக்கே தட்டுக்கெட்டுப்போச்சு."

"நான் வந்து எழுதறேன். என்னன்னு எழுதட்டும்?"

"ஊரோட எழுது."

கஹம்பு குரலைத் தாழ்த்தினாள். "ஊரை எழுதினா யாராவது பாத்துட்டு... உனக்கு ஏதாவது..."

"செத்தவளை எந்தக் கயித்துல நிறுத்தப் போறாங்க?" என்றாள் அவள். இப்போதுதான் குரல் உயர்ந்தது. "கேளு. அன்னிக்குக் கேக்காம விட்டியே, இப்போ கேளு."

கஹம்பு எழுந்து நின்றாள். இத்தனை மாதமாக வாயில் வராத கேள்வி அது. அண்ணனை மூங்கில் காட்டுக்குள் கூட்டிப்போன கேள்வி. 

"எந்த ஊரும்மா?"

"முலேகெரா," என்றாள் அவள், வரிசை மொத்தமும் கேட்கும்படி. பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர், தங்கள் ஊரை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள், தரையைப் பார்த்தார்கள்.  அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். கஹம்புவை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் சொல்லவில்லை.

நிலையத்தை யாரும் எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று கதெம்போ இன்றைக்கும் யோசிக்கிறார். அந்தத் தாய் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், ஆனால் அவள் நடந்ததை நடந்தபடியேதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கஹம்பு கறுப்புச் சாயமும் ஒரு தூரிகையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். மழை விட்டிருந்தது. தாய் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பலகையை ஆணி அடித்துச் செய்த சிலுவை, அதன் முன்னால் கஹம்பு ஈர மண்ணில் மண்டியிட்டாள். எழுதி முடிக்க நேரம் பிடித்தது, எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதினாள். மற்ற நாலு கவிராவின் சிலுவையிலும் வெறும் பெயர்தான் இருந்தது.

தாய்க்குப் படிக்கத் தெரியாது. "படி," என்றாள்.

"கவிரா. மூணு வயசு. முலேகெரா."

"சத்தமாப் படி."

கஹம்பு சத்தமாகப் படித்தாள். கீழே பாதையில் விறகு தூக்கிப் போன இரண்டு பெண்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் தாய், கஹம்பு இன்னொரு தடவையும் படித்தாள்.